எடித் சம்மர்ஸ்கில் கேள்வி கேட்டே சாதித்தாரா?

பழுப்புக்காகிதம்:
இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனில் நடந்த கூத்தைப் பாருங்கள். ஒரே குண்டில் ஆணுக்கும் கால் போகிறது, பெண்ணுக்கும் போகிறது. அரசு தரும் வார ஈட்டுத்தொகையில் பெண்ணுக்கு மட்டும் 7 ஷில்லிங் குறைவு! டாக்டரும் லேபர் எம்.பி.யுமான எடித் சம்மர்ஸ்கில் இதைச் சபையில் விடாமல் கிளப்பினார். 1943இல் தொகை சமமானது. கேள்விக்கு இருக்கும் பலம் இதுதான்.

சுண்டைக்காய்:
கேள்வியாலா? கேள்விக்கு அமைச்சர் எழுதிவைத்த பதிலைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். 1942 நவம்பரில் ஈட்டுத்தொகையைச் சமமாக்கக் கேட்டு மேவிஸ் டேட் என்ற பெண் எம்.பி. கொண்டுவந்த திருத்தத் தீர்மானத்தில் அப்படி முடியவில்லை, ஓட்டெடுப்பு நடந்தது. 95 பேர் ஆதரவு, 229 பேர் எதிர்ப்பு. தோற்றதுதான், ஆனால் போர் நடுவே 95 ஓட்டு சர்ச்சில் அரசுக்கு எதிராக விழுந்தது. அதற்குப் பிறகுதான் இதை ஆராய நாடாளுமன்றக் குழு அமைத்தார்கள். அந்த அம்மா சர்ச்சிலின் சொந்தக் கட்சியான கன்சர்வேட்டிவ் எம்.பி. என்பதையும் மறக்க வேண்டாம்.

பழுப்புக்காகிதம்:
சரி, அந்த 95 பேரும் ஒரே ராத்திரியில் முளைத்தவர்களா? முன்னாலிருந்தே கேட்டுக்கேட்டுத்தானே அத்தனை பேர் காதில் ஏறியது?

வேப்பங்காற்று:
பால் விஷயத்தை விட்டுவிட்டீர்களே. 1940இலேயே கர்ப்பிணிகளுக்கும் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் தினம் ஒரு பைண்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) பால் மலிவு விலைக்கு, ஏழைகளுக்கு இலவசமாக, வந்துவிட்டது. நல்ல திட்டம். ஆனால் அங்கே பச்சைப்பாலைக் காய்ச்சாமலே குடிப்பவர்கள் ஏராளம். மாட்டுக்குக் காசநோய் இருந்தால் அந்தப் பாலைக் குடித்த குழந்தைக்குக் கழுத்தில் நெறி கட்டும், எலும்பிலும் இறங்கும். 63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் கிருமி செத்துவிடும், அவ்வளவுதான் வேலை. அதைச் சட்டமாக்கச் சொல்லித்தான் சம்மர்ஸ்கில் தொண்டை வறளப் பேசினார். தங்கள் பிழைப்பு போய்விடும் என்று சிறு பால்காரர்கள் எதிர்த்தார்கள்.

சுண்டைக்காய்:
சட்டம் எப்போது வந்தது? 1949இல். அப்போது அவரே உணவுத் துறையில் துணை அமைச்சர். கேட்டது பலிக்கவில்லை, நாற்காலி பலித்தது.

வேப்பங்காற்று:
நாற்காலி கிடைத்ததும் பழைய கேள்வியை மறந்தவர்கள்தான் அதிகம் அண்ணா. இவர் மறக்கவில்லையே.

சுண்டைக்காய்:
அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் பதிவில் மேவிஸ் டேட் பெயரே இல்லை. அதையாவது திருத்துங்கள்.

பழுப்புக்காகிதம்:
சேர்த்துவிடுகிறேன். தலைப்பு அப்படியே இருக்கும்.