செகண்ட் ஹேண்ட் பிளாட்பெட் டிரெய்லர்: நாளைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார், உதவுங்கள்

மன்னை வண்டி
வணக்கம். 40 அடி பிளாட்பெட் டிரெய்லர் (பக்கச் சுவர் இல்லாத தட்டைத் தளம், இழுவை வண்டியில் மாட்டுவது) ஒன்று வேதாரண்யம் பக்கம் விலைக்கு வந்திருக்கிறது. நேரில் பார்த்துவிட்டேன். பெயின்ட் புதிது, டயரும் பரவாயில்லை. நாளை மாலைக்குள் அட்வான்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் வேறு பார்ட்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்கிறார். சம்பா அறுவடைக்கு முன் வண்டி ஓட வேண்டும். வாங்கலாமா? பழைய டிரெய்லரில் எதைப் பார்க்க வேண்டும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

பாமணியாறு
என்ன லோடு ஏற்றப் போகிறீர்கள்? எந்த வருட மாடல்? எத்தனை ஆக்சில்? எந்த வண்டியில் மாட்டுவீர்கள்? ஆர்.சி. யார் பெயரில்? இதைச் சொல்லாமல் வாங்கலாமா என்றால் யார் என்ன சொல்ல முடியும்?

நாகை உப்புக்காற்று
வேதாரண்யம் என்றால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இது உப்பு ஏற்றிய டிரெய்லரா? எங்கள் வீட்டில் ஒன்று வாங்கினோம். மேலே கண்ணாடி மாதிரி பெயின்ட். இரண்டாவது ஐப்பசி மழையில் அடியில் குறுக்குச் சட்டங்கள் செதில் செதிலாக உதிர்ந்தன. தார்ப்பாய் வழியாக உப்புத் தண்ணீர் கசிந்து தளத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் நின்றிருக்கிறது. அந்த இடத்தில் எந்த பிரஷ்ஷும் நுழையாது. ஒரு சுத்தியலோடு அடியில் படுத்துத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்தது பொத்தென்று கேட்கும். உரம் ஏற்றிய வண்டியும் இதே கதைதான்.

குடந்தை சீனியர்
இதே கேள்விக்கு இங்கே மூன்று தடவை விளக்கமாக எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. தம்பி, பெயின்டையும் டயரையும் பார்த்துவிட்டு டிரெய்லர் பார்த்தேன் என்று சொல்லக்கூடாது. டயரை நாளைக்கே மாற்றலாம், தளத்தைத் தாங்கும் நீளமான இரும்பு பீமை மாற்ற முடியுமா?
கடைசியாக ஒருமுறை சொல்கிறேன். காலி டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, பக்கவாட்டு பீம் ஓரமாக முன்னிருந்து பின் வரை நூல் கட்டுங்கள். பெரும்பாலும் நடுப்பகுதி லேசாக மேலே வளைந்தபடிதான் கட்டுவார்கள், லோடு ஏறினால் நேராகும். காலியாக இருக்கும்போதே நடுவில் தொய்ந்திருந்தால் ஓவர்லோடில் அடிபட்ட வண்டி. அடுத்து, கிங்பின்னிலிருந்து (இழுவை வண்டியோடு மாட்டும் முன்பக்க முளை) முதல் ஆக்சிலின் இரு முனைக்கும் டேப் பிடித்து அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் டிரெய்லர் சாய்ந்து ஓடும், டயர் தேய்ந்துகொண்டே இருக்கும்.

பாமணியாறு
சீனியர் அண்ணே, முதல் முறை வாங்குகிறவர். கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாமே. அளவு சரிதான், நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

நாமக்கல் வெல்டிங்
எங்கள் பட்டறைக்கு வரும் பழைய டிரெய்லர்களில் இரண்டு இடத்தில்தான் அதிகம் கிராக் பார்க்கிறேன். முன்பக்கம் பீமின் உயரம் குறைகிற வளைவு ஒன்று, கமான் பட்டை (வில் ஸ்பிரிங்) தொங்கும் பிராக்கெட் பீமோடு ஒட்டுகிற இடம் இன்னொன்று. புதுப் பெயின்டுக்கு அடியில் தடிப்பாக ஒட்டு தெரிகிறதா என்று விரலால் தடவுங்கள். பீமின் கீழ்ப்பட்டையில் குறுக்காக நேர்க்கோட்டில் வெல்டு ஓடியிருந்தால் வாங்காதீர்கள். லோடு ஏறும்போது இழுபடுகிற பக்கம் அது, அந்தக் கோட்டிலேயே மறுபடி பிளக்கும். தெரிந்தவர் ஒட்டுப் பட்டையை முனை சரிவாக, வைர வடிவில் வெட்டி வைப்பார். சதுரமாக வைத்திருந்தால் அவசரத்தில் செய்த வேலை.
கிங்பின்னின் விட்டத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்துவிடுங்கள். 2 அங்குல பின் புதிதில் 50.8 மில்லிமீட்டர். 49க்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும்.

மன்னை வண்டி
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 2011 மாடல், 3 ஆக்சில். சித்தப்பாவின் 4018 இழுவை வண்டியில் மாட்டப் போகிறேன். ஆத்தூர் பக்கமிருந்து பெல்ட் அறுவடை மெஷின்களை (சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடுபவை) இங்கே கொண்டுவரவும், அறுவடை முடிந்ததும் வைக்கோல் உருளை கேரளாவுக்கு ஏற்றவும். ஆர்.சி. ஜெராக்ஸ்தான் காட்டினார்.

கொள்ளிடக்கரை
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். பெல்ட் மெஷின் ஒன்று 3 டன்னுக்குக் கொஞ்சம் மேலே. நாலு ஏற்றினாலும் 14 டன் வராது. வைக்கோல் இடத்தைத்தான் அடைக்கும், எடை கிடையாது. 2018 ஜூலையில் மாறிய ஆக்சில் எடை வரம்புப்படி இரட்டை ஆக்சிலுக்கே 21 டன், மூன்று ஆக்சிலுக்கு 27. உங்களுக்கு மூன்றாவது ஆக்சில் எதற்கு? நாலு டயர் கூடுதல் செலவு. வளைவில் திரும்பும்போது மூன்றும் தரையைத் தேய்க்கும். 40 அடியோடு நம் ஊர் வாய்க்கால் மதகைத் தாண்டித் திரும்பிப் பாருங்கள், மெயின் ரோட்டிலேயே மெஷினை இறக்கி ஓட்டிப் போக வேண்டியிருக்கும். 2 ஆக்சிலில் நல்ல பீமாகத் தேடுங்கள். தளம் மட்டும் பலகையாக இருக்கட்டும். ஈரத்தில் தகடு மேல் ரப்பர் பெல்ட் வழுக்கும்.

நாகை உப்புக்காற்று
பலகையா? ஈர வைக்கோலுக்கு அடியில் இரண்டு பருவம்கூட நிற்காது. உளுத்த பலகையில் மெஷின் இறங்கினால் என்ன ஆகும்?

கொள்ளிடக்கரை
உளுத்த பலகையைக் கழற்றி அந்த ஒன்றை மாற்றினால் போச்சு. தகடு அரித்தால் மேலே தெரியவே தெரியாது. உப்பில் ஏமாந்த நீங்களே தகட்டைச் சொல்வது ஆச்சரியம்.

குடந்தை சீனியர்
இரண்டு பேரும் தப்பு. வழுக்காதபடி மேடு தட்டிய புள்ளித் தகடு போட்டு, மெஷின் ஏறும் தடத்தில் மட்டும் மரக்கட்டை அடித்தால் வேலை முடிந்தது. முப்பது வருடமாக ஓட்டுகிறவன் சொல்கிறேன்.

நாகை உப்புக்காற்று
அந்தக் கட்டைக்கு அடியில்தான் அண்ணே தண்ணீர் நிற்கும்.

பாமணியாறு
தளச் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம். அவருக்கு நாளை மாலைதான் கெடு. மன்னை, ஜெராக்ஸை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. உண்டு. அதில் உள்ள சேஸிஸ் எண்ணும் பீமில் அடித்த எண்ணும் ஒன்றா என்று பெயின்டைச் சுரண்டிப் பாருங்கள். 8 வருடம் தாண்டிய வண்டி, எஃப்.சி. (தகுதிச் சான்று) வருடா வருடம் எடுக்க வேண்டும், கடைசியாக எப்போது எடுத்தார் என்று கேளுங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி மேல் ஃபைனான்ஸ் கடன் காட்டினால், கடன் முடிந்ததற்கான படிவம் 35 வாங்காமல் நகராதீர்கள். பெயர் மாற்றப் படிவங்கள் 29ம் 30ம் கையெழுத்தானால்தான் பெயர் மாறும்.

மன்னை வண்டி
காலையில் போனேன். சுத்தியல், நூல், டேப் மூன்றும் எடுத்துப் போனேன். முன் வளைவில் பெயின்டுக்கு அடியில் சதுர ஒட்டு, இரண்டு பக்கமும். சேஸிஸ் எண்ணைச் சுரண்டவே விடவில்லை. அட்வான்ஸ் கொடுக்காமல் வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாமக்கல்லில் 2 ஆக்சில் ஒன்று பார்க்கப் போகிறேன். எல்லோருக்கும் நன்றி.

நாமக்கல் வெல்டிங்
அந்தச் சதுர ஒட்டிலேயே தெரிந்துவிட்டது, நல்ல முடிவு. ஞாயிறு வரும்போது வெர்னியர் கொண்டுவாருங்கள். அந்த 2 ஆக்சில் எந்த வருட மாடல்?

குடந்தை சீனியர்
நூல் கட்டினீர்களே, நடுவில் எவ்வளவு தொய்வு இருந்தது? அதைச் சொல்லவே இல்லையே.