திருகோணமலை வெக்கையில் சின்சில்லாவுக்கு வீட்டிலேயே கூடு செய்யலாமா?

உவர்மலை வாணி:

வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கும் அண்ணா குடும்பம் அடுத்த மாதம் கனடா போகிறது. அவர்களுடைய சின்சில்லா, அடர்ந்த மயிருள்ள கொறிக்கும் சின்னப் பிராணி, என்னிடம் வரப்போகிறது. மூன்று வயது, பெயர் பஞ்சு. அங்கே ஏசி போட்ட ஃபிளாட்டில் ஒரு சின்னக் கூட்டில்தான் இருந்தது. அடித்தட்டு பிளாஸ்டிக், அதில் பாதியைக் கொறித்தே தீர்த்துவிட்டது. இங்கே அதற்குத் தாராளமாக ஒரு கூடு செய்து கொடுக்க ஆசை.

அம்மாவின் பழைய அலுமாரி ஒன்று சும்மா கிடக்கிறது. 6 அடி உயரம், 3 அடி அகலம். கதவைக் கழற்றி, கம்பிவலை அடித்து, தட்டுகளை அப்படியே விட்டால் போதுமா? முன் விறாந்தையில் வைக்கலாம் என்கிறார் அம்மா, கடல்காற்று நன்றாக வரும். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்காபரோ பாலையூற்றான்:

தங்கச்சி, விறாந்தை வேண்டவே வேண்டாம். நான் 9 வருடம் ஒன்று வளர்த்தவன், அதனால் இதை முதலில் சொல்கிறேன். கூட்டைப் பற்றி யோசிக்க முதல் அறையைப் பற்றி யோசியுங்கள். சின்சில்லா சிலி நாட்டு அந்தீஸ் மலைக் குளிருக்குப் பிறந்த பிராணி. ஒரே மயிர்த்துளையில் 50-க்கு மேல் மயிர் முளைக்கும். அதற்கு வியர்க்காது. வியர்க்காத உடம்புக்குக் கடல்காற்றும் ஃபேனும் வெறும் சூட்டுக் காற்றுதான். 25 பாகையைத் தாண்டினாலே பயப்பட வேண்டும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் நம்முடைய ஊர் பகலில் 34 வரை போகும், இரவிலும் 25-க்குக் கீழே இறங்குவது அரிது. காது சிவந்து, உடம்பை நீட்டிப் படுத்து, வாயில் எச்சில் வடிந்தால் நேரம் இல்லை என்று அர்த்தம், உடனே குளிரான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

1923-ல் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் 11 சின்சில்லாக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். சூடு பழகட்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாக மலையிலிருந்து இறக்கவே ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்தார். இன்று வீடுகளில் வளர்பவற்றில் பெரும்பாலானவை அந்த வழி வந்தவைதான். அந்த மயிர் மட்டும் இன்னும் மலை மயிராகவே இருக்கிறது.

அடுத்தது, அடித்தளம். நான் முதலில் கட்டிய கூட்டுக்குக் கீழேயும் கம்பிவலையே போட்டேன், சுத்தம் செய்ய லேசு என்று. ஒரு இரவு பின்னங்கால் அதில் மாட்டி முறிந்துவிட்டது. காலையில்தான் கண்டேன். ஆறு கிழமை அதைப் பார்த்துக்கொண்டு இருந்த வேதனை இன்னும் போகவில்லை. ஆகவே தளமும் தட்டும் முழுப்பலகையாக இருக்கட்டும். பக்கத்து வலையின் கண் அரை அங்குலம் போதும். தட்டுகளை இடம் வலமாக மாற்றி மாற்றி அடியுங்கள். கால் தவறினாலும் அடுத்த தட்டில் விழ வேண்டும், இரண்டு அடிக்கு மேல் நேரே விழக் கூடாது.

சாம்பல்தீவு ஓடாவி:

மரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். அந்த அலுமாரியை விடுங்கள் அக்கா. பழைய பொலிஷ், பின்பக்கம் பிளைவுட், அதற்குள்ளே பசை. சின்சில்லாவின் பல் சாகும்வரை வளரும் என்பதால் அது எதையும் கொறிக்காமல் விடாது, அதெல்லாம் வயிற்றுக்குள்தான் போகும். மூன்று பக்கம் அடைத்த பெட்டியில் சூடும் தேங்கும்.

பைன் பலகை நல்லது. சரக்கு வரும் பலட்டைப் பிரித்தும் எடுக்கலாம், ஆனால் முத்திரையைப் பாருங்கள். எச்.டி (HT) என்று இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, அதை எடுக்கலாம். எம்.பி (MB) என்றால் மருந்துப் புகை போட்டது, தொட வேண்டாம். எண்ணெய், சாயம் ஊறிய பலகையும் வேண்டாம். வேலைக்கு யாரைப் பிடித்தாலும் முதலே சொல்லிவிடுங்கள்: கறையான் மருந்தும் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம். நாங்கள் கேட்காமலே பூசிவிடுவோம், கை அப்படிப் பழகியது.

நம்முடைய உப்புக்காற்றில் துத்தநாகம் பூசிய கல்வனைஸ் வலையும் துருப்பிடிக்கும். வசதி இருந்தால் ஸ்டெயின்லஸ் வாங்குங்கள். கல்வனைஸ்தான் என்றால் வினாகிரி போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து அடியுங்கள். வெட்டிய முனைகள் எல்லாம் சட்டத்துக்கு வெளிப்பக்கம் வர வேண்டும். தட்டுகளை வெளியிலிருந்து ஸ்குரூ போட்டுப் பிடித்தால், கொறித்துத் தேய்ந்ததை மட்டும் கழற்றி மாற்றலாம். அளவு 3 அடி அகலம், 2 அடி ஆழம், 4 அடி உயரம். கீழே சில்லு நான்கு.

உவர்மலை வாணி:

இரண்டு பேருக்கும் நன்றி. கால் முறிந்த கதையை வாசித்துவிட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். விறாந்தைப் பேச்சை அவரே நிறுத்திவிட்டார். என்னுடைய அறையில் ஏசி இருக்கிறது, அங்கேதான் பஞ்சு. ஆனால் கரண்ட் போனால்? 2022-ல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் போன காலத்தை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

ஸ்காபரோ பாலையூற்றான்:

நல்ல கேள்வி. கூட்டுக்குள் ஒரு கிரனைட் துண்டு வையுங்கள், டைல் என்றாலும் சரி. கல் குளிர்ச்சியாக இருக்கும், பஞ்சு தானாகப் போய் அதன்மேல் படுக்கும். கரண்ட் இருக்கும்போதே இரண்டு போத்தல் தண்ணீரை ஐஸ் ஆக்கி வைத்திருங்கள். போனவுடன் பருத்தித் துணியில் சுற்றி, கூட்டுக்கு வெளியே வலையோடு சேர்த்து வைக்கலாம். உள்ளே வைத்தால் கொறித்து நனைந்துவிடும். நனைந்தால் அந்த அடர்ந்த மயிர் லேசில் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். அதனால்தான் அதைத் தண்ணீரில் குளிப்பாட்டுவதில்லை, தூளில் புரள விடுவது. அந்தத் தூளை அண்ணாவிடமே கேட்டு வாங்குங்கள், கடற்கரை மணல் சரிவராது. நீண்ட நேரம் கரண்ட் போகும் நாளுக்கு, ஜெனரேட்டர் உள்ள ஒரு வீட்டை இப்போதே பேசி வையுங்கள்.

உவர்மலை வாணி:

சித்தி வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது, இன்றைக்கே கேட்கிறேன். அறைக் கதவை அளந்தேன், 2 அடி 8 அங்குலம். கூட்டின் ஆழம் 2 அடி என்பதால் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகலாம். ஓடாவி அண்ணா, சில்லுக்குப் பிரேக் வைத்ததுதானே வாங்க வேண்டும்?

சாம்பல்தீவு ஓடாவி:

ஓம் அக்கா, முன் இரண்டுக்கு பிரேக் இருந்தால் காணும். அது ராவில் துள்ளும்போது கூடு நகராது.