தோல்வழியா, தோலூடா? களிம்பு, க்ரீம் போன்ற குழைம மருந்துகளுக்கான கலைச்சொற்கள்

அன்பர்களுக்கு வணக்கம்.

தோல் மருந்துகள் பற்றிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் சொற்பட்டியலில் இதுவரை வந்த முன்மொழிவுகளை ஒருசேரப் படித்தேன். மருந்து தோலைக் கடந்து இரத்தத்தில் சேர்வதைக் குறிக்கும் 'டிரான்ஸ்டெர்மல்' என்பதற்குப் பெரும்பாலோர் 'தோல்வழி' என்று எழுதியிருக்கிறார்கள். வாய்வழி, சிரைவழி என்று ஏற்கெனவே வழங்கும் வரிசையில் அச்சொல் இயல்பாகப் பொருந்துகிறது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. படர்தாமரைக்குத் தடவும் விட்ஃபீல்டு களிம்பும் தோலின் வழியாகவே வேலை செய்கிறது. புகைப்பழக்கத்தை விட விரும்புபவர் புயத்தில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோட்டின் பேட்சும் அப்படியே. முன்னதில் உள்ள 6 விழுக்காடு பென்சாயிக் அமிலமும் 3 விழுக்காடு சாலிசிலிக் அமிலமும் பூஞ்சை குடியிருக்கும் மேல்தோலிலேயே தங்க வேண்டியவை; அவை இரத்தத்தில் கலப்பது நாம் வேண்டாதது. பின்னதில் மருந்து தோலோடு நின்றுவிட்டால் ஒட்டியதே வீண். போய்ச்சேர வேண்டிய இடம் இப்படி நேர்மாறாக இருக்கும்போது இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டினால், மருந்தியல் படிக்க வரும் மாணவர் முதல் பாடத்திலேயே தடுமாறுவார்.

ஆகவே, தோலிலேயே செயல்பட வேண்டியவற்றுக்குத் 'தோற்பூச்சு மருந்து' என்றும், தோலைக் கடந்து இரத்தத்தை அடைய வேண்டியவற்றுக்குத் 'தோலூடு மருந்தளிப்பு' என்றும் பிரித்து வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. ஊடுகதிர், ஊடுருவல் ஆகிய சொற்களில் உள்ள 'ஊடு', ஒன்றைத் துளைத்து மறுபுறம் சேர்வதை உணர்த்திப் பழகியிருக்கிறது. 'வழி' என்பதில் அந்த அழுத்தம் இல்லை.

தோலைக் கடப்பது மருந்துக்கு அவ்வளவு கடினமா என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். கடினமே. தடையாக நிற்பது தோல் முழுவதும் அன்று, இறந்த செல்களாலான மிக மெல்லிய மேலடுக்கு மட்டுமே. உடலின் பெரும்பகுதியில் அதன் தடிமன் ஏறத்தாழ 10 முதல் 20 மைக்ரோமீட்டர். தட்டையான செல்கள் செங்கற்களாகவும், அவற்றினிடையே உள்ள செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பமிலங்கள் ஆகிய கொழுப்புப் பொருள்கள் சாந்தாகவும் அமைந்த சுவர் அது. மருந்து மூலக்கூறுகள் பெரும்பாலும் சாந்தின் வழியே வளைந்து நெளிந்து போகின்றன. மயிர்க்கால்கள், வியர்வைச் சுரப்பிகள் வழியாகச் செல்வது சிறுபங்கே. கொழுப்பில் மட்டும் கரைவது சாந்திலேயே சிக்கிக்கொள்ளும், நீரில் மட்டும் கரைவது உள்ளேயே நுழையாது. மூலக்கூற்று எடை 500 டால்டனை (டால்டன் என்பது அந்த எடையின் அலகு) தாண்டினால் பொதுவாக நம்பிக்கை வைக்க முடியாது. நிக்கோட்டின் 162 டால்டன் மட்டுமே என்பதால் எளிதில் போகிறது. ஏறத்தாழ 5,800 டால்டன் எடையுள்ள இன்சுலினைத் தடவி நீரிழிவைக் கட்டுப்படுத்த முடியாமைக்கு இதுவே முதற்காரணம். அமெரிக்காவில் 1979-இல் ஒப்புதல் பெற்ற முதல் தோலூடு பேட்ச், காதின் பின்புறம் ஒட்டி மூன்று நாள் வைத்திருக்கும் ஸ்கோபோலமின். பயணக் குமட்டலைத் தடுக்க மிகச் சிறிய அளவே போதும் என்பதால்தான் அது முந்திக்கொண்டது.

அடுத்தது, களிம்பு, க்ரீம், ஜெல், பேஸ்ட் ஆகியவற்றுக்குப் பொதுப்பெயரான 'செமிசாலிட்'. 'அரைத்திண்மம்' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பாதி திண்மம், பாதி நீர்மம் என்ற தவறான படத்தை அது தருகிறது. இவ்வகை மருந்தின் இலக்கணம் விசைக்கு அது பணியும் விதத்தில் இருக்கிறது. மூடியைக் கழற்றிக் குழாயைத் தலைகீழாகப் பிடித்தாலும் உள்ளே இருப்பது வழியாது. அழுத்தினால் புழுப்போல வெளிவரும். விரலால் தேய்க்கும்போது இளகிப் பரவி, விரலை எடுத்ததும் பரவிய இடத்திலேயே நின்றுவிடும். சந்தனத்தைக் குழைத்துப் பூசுகிறோம், மருந்துப் பொடியைத் தேனில் குழைக்கிறோம். இந்தக் 'குழை' என்ற வினையிலிருந்து 'குழைமம்' என்று ஆக்கிக்கொள்ளலாம். பிளாஸ்டிக்குக்கு 'நெகிழி' நிலைத்துவிட்டபடியால் மோதலுக்கும் இடமில்லை.

குழைமத்தின் உட்பிரிவுகளில்தான் உண்மையான சிக்கல். மருந்துக்கடையில் எல்லாமே 'ஆயின்மென்ட்' ஆகிவிட்டது. நாமும் எல்லாவற்றையும் 'களிம்பு' என்று எழுதினால் அதே பிழையைத் தூய தமிழில் செய்தவர்களாவோம். களிம்பு என்பதை வெண்பாரஃபின், கம்பளிக் கொழுப்பு போன்ற நெய்ப்புள்ள அடிப்பொருளில் ஆனவற்றுக்கு மட்டும் நிறுத்தி வைக்க வேண்டும். அது தோலின் ஈரம் ஆவியாகாமல் மூடி வைக்கிறது. ஈரம் ஊறிய மேலடுக்கு மருந்தை எளிதில் உள்ளே விடுகிறது. தோல் அழற்சிக்குத் தடவும் ஸ்டீராய்டான பீட்டாமெத்தசோன் ஒரே விழுக்காட்டில் இருந்தாலும் களிம்பாகத் தடவும்போது பொதுவாக வீரியம் கூடுவது இதனால்தான். வறண்டு தடித்த தோலுக்குக் களிம்பையும், நீர் கசியும் புண்ணுக்குக் க்ரீமையும் மருத்துவர் தேர்ந்தெடுப்பது வெறும் விருப்பம் அன்று.

க்ரீமுக்குப் 'பாலேடு' என்பது வேண்டாம். பாலின்மேல் படியும் ஆடையோடு இதற்குத் தொடர்பில்லை. எண்ணெயும் நீரும் ஒன்றினுள் ஒன்று நுண்துளிகளாய்ச் சிதறிய எமல்ஷனைப் பள்ளி நூல்கள் 'பால்மம்' என்கின்றன. ஆகவே 'பால்மக் குழைமம்' என்று நூலிலும், க்ரீம் என்றே பேச்சிலும் வைத்துக்கொள்ளலாம். ஜெல்லுக்குக் 'கூழ்மம்' என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். அது கொல்லாய்டுக்குப் போய்விட்ட சொல். கார்போமர் போன்ற பலபடிகள் (பாலிமர்கள்) வலையாகப் பின்னி நீரைப் பிடித்து வைப்பதே ஜெல் என்பதால், 'வலைக்கூழ்' என்பதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

பேஸ்ட்டுக்குப் 'பசை' போதும். கோந்தோடு குழம்பும் என்ற அச்சம் தேவையில்லை, பற்பசையால் யாரும் காகிதம் ஒட்டுவதில்லை. சித்த மருத்துவத்தின் 32 புறமருந்துகளிலும் களிம்பும் பசையும் தனித்தனியாகவே எண்ணப்படுகின்றன. துத்தநாக ஆக்சைடும் மாவுப்பொருளும் சேர்ந்து ஏறத்தாழப் பாதி எடை பிடிக்கும் லாசர் பசையைச் செய்து பார்த்தவர்களுக்கு வேறுபாடு கையிலேயே தெரியும்: பொடியை முதலில் சிறிதளவு அடிப்பொருளோடு கண்ணாடிப் பலகையில் நன்கு தேய்க்காவிட்டால் கடைசிவரை நரநரவென்றிருக்கும், தடவினால் தோலில் மறையாமல் வெள்ளையாய் அப்பிக்கொண்டு நிற்கும்.

பேட்ச்சுக்கு வந்த 'மருந்தொட்டி' படிப்பவர் வாயில் மருந்துத் 'தொட்டி' ஆகிவிடும். அதே 32 புறமருந்துகளில் உள்ள, மருந்து தடவிய துணியான 'சீலை'யை எடுத்து 'ஒட்டுச்சீலை' என்றால் என்ன? தடவ வேண்டிய அளவுக்கு 'விரல்நுனி அளவு' என்று ஒருவர் தந்தது மிக நன்று. பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கிய குழைமம் ஏறத்தாழ அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும்.

ஒன்று மட்டும் என் பிரிவினைக்குள் அடங்கவில்லை. மூட்டுவலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் வலைக்கூழ் தோலிலேயே தங்குவதற்கும் அன்று, இரத்தத்துக்குப் போவதற்கும் அன்று. தோலுக்குக் கீழே உள்ள தசைக்கும் மூட்டுக்கும் உரியது. 'தோலடி' என்றால் தோலுக்கடியில் செலுத்தும் ஊசிமருந்தோடு மோதும். 'அண்மைத்திசு மருந்தளிப்பு' என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக வேறு கிடைக்குமா என்று மூட்டு மருத்துவம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.