மரவை (மரக் கிண்ணம்) கடைய கொக்கி உளி வேண்டும், அடித்துத் தரும் கொல்லர் யாராவது தெரியுமா?

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். எங்கள் ஆயா உப்பு போட்டு வைத்திருந்த மரவை போல ஒன்றை, கரண்ட் இல்லாமல் காலால் மிதித்தே கடைய ஆசை.

தோட்டத்தில் கடைசல் பொறி தயார். மேலே வளையும் மூங்கில் கழி, கீழே மிதிபலகை, நடுவில் கட்டையைச் சுற்றிய கயிறு. மிதிக்கும்போது கட்டை நம் பக்கம் சுழலும், அப்போதுதான் உளி சீவும். காலைத் தூக்கினால் மூங்கில் இழுத்து எதிர்ப்பக்கம் சுற்றும். அந்த நேரம் உளியைத் துளி விலக்க வேண்டும். இந்தத் தாளம் காலுக்குப் பழகிவிட்டது. பச்சைப் பூவரசு ஈரத்தோடு சுருள் சுருளாக உரிந்து வருவது அவ்வளவு அழகு!

வெளிப்பக்கம் நன்றாக வருகிறது. உள்ளே குடையும்போதுதான் நேர் உளி முட்டி, கட்டையையே பிடுங்கி எறிகிறது. நுனி கொக்கி போல வளைந்த, நீளக் கைப்பிடி உளி வேண்டும். கடலூர், பண்ருட்டி, பாகூர் பக்கம் அடித்துத் தரும் கொல்லர் இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், பாதி குடைந்த இரண்டு மரவையும் மூன்றாம் நாளே வெடித்துவிட்டன. நம் ஊர் வெயிலில் மெதுவாகக் காயவைப்பது எப்படி? மரத்தூளில் புதைப்பதா, சாக்கில் சுற்றுவதா? 2011 தானே புயலில் சாய்ந்த பலாவின் கட்டை ஒன்று வைத்திருக்கிறேன். அது நன்றாகக் காய்ந்துவிட்டது, காலால் கடைய வருமா? அதைப் பாழாக்க மனமில்லை.