பட்டியா, சாந்தா? ஒரு கலைச்சொல் ஐயம்

கூடல்நகரிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்குமுன் அவற்றின் உடற்கூட்டைச் சோதிப்பது எப்படி என்னும் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். 1962 முதல் 1980 வரை வெளிவந்த எம்.ஜி.பி. பற்றிய இயலில் ஒரு சொல் என்னை நிறுத்திவிட்டது. அந்த வண்டிக்குத் தனிச் சட்டகம் கிடையாது. கதவுகளுக்குக் கீழே இருபுறமும் ஓடும் பெட்டி போன்ற தகட்டமைப்புதான் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குகிறது. அது துருவேறிப் பொத்தலானபின், வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைக்காமல், பொத்தலின்மேல் ஒரு பசையை அப்பி, காய்ந்ததும் தேய்த்து, வண்ணம் அடித்து விற்றுவிடுவதுண்டு. மூலத்தில் "பாடி ஃபில்லர்" என்றிருக்கும் அந்தப் பசையை முந்தைய மொழிபெயர்ப்பாளர் "உடல் நிரப்பி" ஆக்கியிருக்கிறார். படித்தால் சத்துமாவு விளம்பரம் போலிருக்கிறது. வேறு சொல் தந்து உதவுங்கள்.

திருப்பரங்குன்றத்திலிருந்து:

ஐயா, புதுச்சொல் எதற்கு? "பட்டி" என்பதே சொல், "பட்டி பார்த்தல்" என்பதே வினை. தொழிற்பயிற்சி மாணவர்களைச் சென்ற வாரம் தெற்கு வெளி வீதிப் பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அங்கிருந்த மேஸ்திரி, வண்ணம் கீறாதிருக்கத் துணி சுற்றிய காந்தமொன்றை ஒரு பழைய காரின் கதவில் வைத்தார். மேலே டப்பென்று ஒட்டிக்கொண்டது. ஒரு சாண் இறங்கியதும் பிடி தளர்ந்தது. அடிவிளிம்பில் கையோடு வந்துவிட்டது. விரல்கணுவால் தட்டிக் காட்டினார். மேலே தகரத்தின் ஓசை, கீழே மண்சுவரின் ஓசை. "பூராம் பட்டி சார்" என்றார். இதற்குமேல் ஒரு கலைச்சொல்லிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம்?

நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து:

நண்பர் பொறுத்தருள்க. அவர் போற்றும் பட்டி, ஆங்கிலப் "புட்டி"யின் திரிபு. அதுவும் பானையளவைக் குறித்த ஒரு பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நம் பட்டியோ ஆடு அடைக்குமிடம், ஊர். உசிலம்பட்டி, வாடிப்பட்டி, கொட்டாம்பட்டி என்று நாற்புறமும் பட்டிகள் சூழ வாழும் நாம் துரு மறைக்கும் பசைக்கும் அப்பெயரையே சூட்டுவது முறையா? மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்களை நிமிர்ந்து பாருங்கள். "சுதை" என்னும் அருஞ்சொல் அங்கே காத்திருக்கிறது.

ஆரப்பாளையத்திலிருந்து:

பேராசிரியர் ஐயா, சுதை வடமொழிச் "சுதா"விலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரரை வெளியேற்ற வடமொழியாளரை அழைத்து வந்திருக்கிறீர்கள். அது கிடக்கட்டும். செங்கல் கருவின்மேல் உருவத்தை ஆக்குவது சுதை. அதை உலகமே அண்ணாந்து பார்க்க வேண்டும். காரில் அப்புவதோ எவர் கண்ணிலும் படக்கூடாதென்று அப்புவது. மேலும், "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே" என்று தொல்காப்பியரே கதவைத் திறந்து வைத்திருக்கும்போது பட்டியை வாசலில் நிறுத்துவானேன்?

நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து:

சுதையைத் திரும்பப் பெறுகிறேன். "சாந்து" என்று கொள்வோம். சாத்துதல் என்பது பூசுதல். சந்தனமும் சாந்து, சுவர் கட்டும் கலவையும் சாந்து, நெற்றிக்கு இடுவதும் சாந்து. பூசப்படுவன அனைத்தையும் ஒரே வேரில் அடக்கிய மொழியில் கார் மட்டும் ஏன் அயலில் நிற்க வேண்டும்?

மேலூரிலிருந்து:

வேரைவிட்டுத் தகட்டுக்கு வருவோம். அக்காலத் தொழிற்சாலைகளில் தகடுகள் சேரும் பொருத்துகளை ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை உருக்கிப் பூசி இழைப்பது வழக்கம். அது குறையன்று, ஆனால் கனமாகப் பூசிய இடத்தில் காந்தம் அங்கும் வழுக்கும். தொடக்ககால எம்.ஜி.பி.யின் முன்மூடி அலுமினியம். அதில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. "நிரப்பி" என்றாலும் "சாந்து" என்றாலும் நேர்மையான ஈயமும் துரு மறைத்த பசையும் ஒரே பெயருக்குள் ஒளிந்துகொள்ளும், வாங்குபவர் நல்ல வண்டியை வேண்டாமென்பார். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதை அறியாத வீடு நம் பக்கம் இல்லை. ஆகவே அதை "ஈயப்பூச்சு" என்றும் மற்றதைப் "பட்டி" என்றும் பிரித்தெழுதுங்கள்.

கூடல்நகரிலிருந்து:

மேலூர் நண்பரின் பிரிவினையை ஏற்கிறேன். ஆனால் நேற்றிரவு ஒரு சிக்கல் முளைத்தது. "கதவின் அடிவிளிம்பில் பட்டி பார்க்கவும்" என்று எழுதியிருந்தேன், படித்துப் பார்த்த என் மனைவி, "வாங்க வந்தவர் எதற்குப் பட்டி அப்ப வேண்டும்?" என்று கேட்டார். வைத்தியம் பார்த்தல், பிரசவம் பார்த்தல் போலப் பட்டி பார்த்தலும் செய்வதைக் குறிப்பது. சோதிப்பதைக் குறிக்க அதே வினை வந்தால் கையேடே கவிழ்ந்துவிடும். எனவே "பட்டி பூசுதல்" என்று எழுதி, பார்த்தலைச் சோதனைக்கு ஒதுக்கிவிட்டேன். நாளை அனுப்புகிறேன்.

திருப்பரங்குன்றத்திலிருந்து:

"பட்டி பூசுதல்" என்று எந்தப் பட்டறையிலும் சொல்லக் கேட்டதில்லை. என் வகுப்பில் அந்த வரியை அடித்துத் திருத்தித்தான் கொடுப்பேன்.

நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். பின்னிணைப்பிலாவது "பட்டி: சாந்து என்பதைக் காண்க" என்று ஒரு வரி சேர்க்க இயலுமா?