கம்ப்யூட்டர் சத்தம் குறையணும், சூடு ஏறக்கூடாது: திருப்பூர் வெயிலுக்கு என்ன வழி?

நொய்யல்கரை:
வணக்கமுங்க. வீட்டிலேயே பூட்டின சிஸ்டம். ஐ5 12400 சிபியு, அதோட பெட்டியில் வந்த கூலர், ஆர்டிஎக்ஸ் 3060 ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு), 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க் ஒண்ணு. கேபினட்டில் முன்னால மூணு, பின்னால ஒண்ணு, எல்லாம் 120 மி.மீ, 3 பின் ஃபேன். நாலும் மோலெக்ஸ்ங்கற நாலு பின் கரன்ட் கனெக்டர் வழியா எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை) நேரா மாட்டியிருக்கு. பனியன் பிரிண்ட் டிசைன் ரெண்டர் பண்றதுதான் (கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு முழுப் படமா ஆக்கறது) வேலை. ஏசி இல்லாத ரூம், மத்தியானம் 36 டிகிரி. ரெண்டர் ஓடும்போது சிபியு 88, ஜிபியு 81. சும்மா கிடக்கும்போதும் சத்தம் நிக்கறதில்லை. பிரவுசர் திறந்தாக்கூட சிபியு கூலர் ஒருதரம் உறுமி அடங்குது. வாட்டர் கூலர் போட்டாத்தான் தீருமுங்களா?

பவானிக்கூடல்:
வேண்டாமுங்க. அதிலும் ரேடியேட்டர் ஃபேன் சுத்தித்தான் ஆகணும், பம்ப் சத்தம் வேற கூடச் சேரும்.

முதல் குத்தவாளி மோலெக்ஸ். அதுல எப்பவும் 12 வோல்ட், நாலு ஃபேனும் முழு வேகத்துலயே ஓடும். எல்லாத்தையும் மதர்போர்டில் சிஸ் ஃபேன், சேசிஸ் ஃபேன்னு அச்சடிச்ச பின்னுக்கு மாத்துங்க. பின் பத்தலைன்னா முன்னால இருக்கற மூணையும் ஒரு ஸ்பிளிட்டரில் சேர்க்கலாம். ஃபேன் ஸ்டிக்கரில் போட்டிருக்கற ஆம்பியரைக் கூட்டிப் பாருங்க, ஒரு பின்னுக்கு 1 ஆம்பியர் தாண்டக்கூடாது. அப்புறம் பயாஸில் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கற மதர்போர்டு செட்டிங்) அந்தப் பின்னை டிசி மோடில், அதாவது வோல்ட்டை ஏத்தி இறக்கி வேகத்தை மாத்தற மோடில் வைக்கணும். நாலாவது பின் வழியா சிக்னல் கொடுக்கற பிடபிள்யூஎம் மோடில் விட்டா 3 பின் ஃபேன் மறுபடியும் முழு வேகத்துலதான் ஓடும். பலர் இங்கதான் சறுக்கறாங்க.

55 டிகிரி வரை 45%, 70க்கு 60%, 80க்கு 80%, 90க்கு 100%னு வளைவு (எந்தச் சூட்டுக்கு ஃபேன் எவ்வளவு வேகம்ங்கற கணக்கு) போடுங்க. 40%க்குக் கீழ இறக்கினா சில ஃபேன் கிளம்பாமயே நின்னுரும். 1500 ஆர்பிஎம்மை 1000 ஆக்கினா காத்து மூணுல ஒரு பங்குதான் குறையும், சத்தம் சுமார் 9 டெசிபல் இறங்கும். காதுக்கு அது பெரிய வித்தியாசம்.

பிரவுசர் உறுமலுக்குக் காரணம் வேற. ஒரு கோர் ஒரு நொடிக்கு 15, 20 டிகிரி எகிறும், ஆனா ஹீட்சிங்க் (கூலரோட உலோகத் தகடு) இன்னும் சூடேறியிருக்காது. பயாஸில் 'ஸ்டெப் அப்' நேரத்தை 4, 5 நொடி வெச்சா அந்தத் துள்ளலை ஃபேன் கண்டுக்காது.

சோமனூர்தறி:
வேகத்தைக் குறைக்கறதுக்கு முன்னாடி பஞ்சைப் பாருங்க. தறியும் பனியன் கம்பெனியும் இருக்கற நம்ம ஊர்ல இது சாதாரணத் தூசி இல்லை. நூல் நூலா வந்து ஃபில்டர் மேல துணி நெய்த மாதிரி படியும். ஃபேன் அதே வேகத்துல சுத்தும், காத்து மட்டும் உள்ள வராது. முன்பக்கப் பேனலைக் கழட்டி வெச்சுட்டு பத்து நிமிஷம் ரெண்டர் விடுங்க. ஜிபியு 5 டிகிரிக்கு மேல இறங்கினா அடைப்பு அங்கதான்.

ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா தண்ணியில் அலசி, நிழல்ல நல்லாக் காயவெச்சு மாட்டுங்க. சிபியு கூலரில் ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவுல பஞ்சு கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும், ப்ளோயர் அடிச்சாப் போகாது. ஃபேனைக் கழட்டி, பெயின்ட் பிரஷ்ஷால வழிச்செடுக்கணும். ப்ளோயர் அடிக்கும்போது மத்த ஃபேன் இறக்கையை விரலால் பிடிச்சுக்கங்க, தறிகெட்டுச் சுத்தினா பேரிங் போயிரும். பஞ்சர் கடை கம்ப்ரசர் காத்து மட்டும் வேண்டவே வேண்டாம், தண்ணியும் எண்ணெயும் சேர்ந்து வரும்.

நொய்யல்கரை:
சரிங்க. கேபினட்டுக்கு உள்ள ஃபோம் ஷீட் ஒட்டினா சத்தம் அடங்குமுங்களா?

சிறுவாணி:
காசு வீண். கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் உறிஞ்சும், காத்து ஓட்டைகள் வழியா வர்றது வந்துட்டேதான் இருக்கும். பஞ்சும் அதுலயே போய் ஒட்டும். அந்தக் காசை நாலு ஹீட்பைப் (சூட்டைக் கடத்தற குழாய்) வெச்ச 120 மி.மீ டவர் கூலரில், அதாவது நெட்டுக்குத்தா நிக்கற சிபியு கூலரில் போடுங்க. உங்க சிபியு உட்கார்ற எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கான கிளாம்ப் கூட வருதான்னு கேட்டு வாங்குங்க. உயரம் 155 மி.மீ அளவுல இருக்கும், கேபினட் தாங்குமான்னு முதல்ல அளந்துருங்க.

அதைவிடப் பலன் தர்றது, சூட்டையே கம்மியா உண்டாக்கறது. 12400ல பிஎல்2 (கொஞ்ச நேரத்துக்கு இழுக்கற உச்ச பவர் லிமிட்) 117 வாட். பயாஸில் அதை 75க்கு இறக்குங்க. சில போர்டு லிமிட்டையே எடுத்து விட்டிருக்கும், தொடர்ந்து இழுக்கற பவர் லிமிட்டான பிஎல்1 65ல நிக்குதான்னும் பார்த்துக்கங்க. 3060க்கு ஆஃப்டர்பர்னர்ங்கற ஜிபியு செட்டிங் சாஃப்ட்வேரில் பவர் லிமிட் 80%, அதாவது 170 வாட்டுக்குப் பதிலா 136. ரெண்டர் கொஞ்சம் நேரம் கூட எடுக்கும், ஃபேன் பாதி அடங்கிரும். வோல்டேஜையும் குறைக்கணும்னா 1800 மெகாஹெர்ட்ஸுக்கு 875 மில்லிவோல்ட்டில் ஆரம்பிங்க. ரெண்டர் நடுவுல நின்னா 25 மில்லிவோல்ட் ஏத்துங்க.

ரூமே 36ல இருக்கு, அதனால ரெண்டரில் சிபியு 80 காட்டினாப் பயப்படாதீங்க. இந்தச் சிப் 100ல்தான் தன் வேகத்தைக் குறைச்சுக்கும். குளிர்காலத்துல போட்ட வளைவு சித்திரையில் கத்தும், மே மாச மத்தியானத்துல சோதிச்சு வைங்க.

எல்லாம் அடங்கினதுக்கப்புறமும் 'ஙொய்ய்'னு ஒரு முனகல் மிச்சமிருந்தா அது ஹார்டு டிஸ்க். திருகுக்கு நடுவுல ரப்பர் வாஷர் போட்டு மாட்டுங்க, கேபினட்டுக்கு அடியிலயும் ரப்பர் பாய்த் துண்டு ஒண்ணு விரிங்க. மேசைப் பலகை அதிர்றது நின்னுரும்.