கதிர்வீச்சு முடிந்தும் களைப்புத் தீரவில்லை, வீட்டில் மாமியாரும் படுக்கையில்

கேள்வி (பல்லடம் பக்கம்):

இடது மார்பில் புற்றுநோய் கண்டு, அறுவை சிகிச்சையில் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் எடுத்து, கீமோவும் கதிர்வீச்சும் முடித்து, இப்போது நோய் திரும்பாமலிருக்க டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். கதிர்வீச்சு முடிந்த அன்றே என் நோயும் முடிந்துவிட்டதாக வீட்டில் எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். அதன் பிறகு மாமியார் வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். கூலிக்கு நெய்துகொண்டிருந்த எங்கள் தறிகளும் நின்றுபோனதால், என் கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் இரவில்தான் திரும்புகிறார். மாமியாரைப் புரட்டிப் படுக்க வைப்பது முதல் எருமைக்குச் சோளத்தட்டு நறுக்கிப் போடுவது வரை எல்லாம் என் கையில் வந்து நிற்கின்றன. முற்பகலிலேயே உடம்பு ஓய்ந்துவிடுகிறது, விரல் நுனிகள் மரத்திருக்கின்றன. பார்க்க வரும் உறவினர்களோ, முடிதான் முளைத்துவிட்டதே, இனியென்ன என்கிறார்கள். கீமோ நாட்களில் அரிசிம்பருப்புச் சாதத்தைக் குழைய ஆக்கி எனக்கு ஊட்டியவர் மாமியார். அவரைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தக் களைப்பு இயல்பானதுதானா? நான் எதைச் செய்யலாம், எதை விட வேண்டும்?

மறுமொழி (ஈரோடு, ஓய்வுபெற்ற செவிலியர்):

இயல்பானதுதான் அம்மா. சிகிச்சை முடிந்து பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும், இந்தக் களைப்பு இருக்கும். தூங்கினால் மட்டும் தீராது, தினமும் கொஞ்ச தூரம் மெதுவாக நடப்பது உதவும். இருந்தாலும் இரத்தசோகை, தைராய்டுக் குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் இப்படியே தோன்றும் என்பதால், மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். விரல் மரப்பு சில கீமோ மருந்துகளின் விளைவு, பெரும்பாலும் மெல்லக் குறையும். அதுவரை சூடான பாத்திரத்தைத் துணி பிடித்தே எடுங்கள்.

உங்கள் இடது கையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கணுக்களை எடுத்த பக்கத்தில் நிணநீர் தேங்கிக் கை வீங்க வாய்ப்புண்டு. பாரமே தூக்கக்கூடாது என்பதில்லை, பிசியோதெரபிஸ்ட் காட்டும் பயிற்சியோடு படிப்படியாகத் தூக்கலாம். ஆனால் படுத்திருக்கும் ஒருவரைத் தனியாக இழுத்துப் புரட்டுவது அந்தக் கைக்கு ஆகாது, அடியில் விரித்த விரிப்பைப் பிடித்து இருவராகப் புரட்டுங்கள். சோளத்தட்டு நறுக்கும்போது காயம் படாமல் கையுறை போடுங்கள். அந்தக் கை சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காலில் இரத்தம் உறைவது டமாக்சிஃபென் மாத்திரையால் அரிதாக நேரக்கூடியது.

ஒன்று கேட்க வேண்டும். மாமியாருக்கு அறுவை சிகிச்சை செய்தார்களா? இடுப்பு முறிந்த முதியவர்கள் நீண்ட நாள் படுத்திருந்தால் படுக்கைப்புண்ணும் நெஞ்சுச்சளியும் சேரும். அறுவை செய்தால் பலரை விரைவிலேயே உட்கார வைக்க முடிகிறது.

மறுமொழி (காங்கேயம்):

சகோதரி, என் மனைவிக்கும் இதே சிகிச்சை நடந்தது. மறுபரிசோதனைக்கு உங்கள் கணவரையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். களைப்பைப் பற்றி மருத்துவர் வாயால் கேட்டால்தான் வீட்டார் நம்புவார்கள் என்பதை அங்கேதான் கண்டேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சேவையும் வீட்டுக்கே வரும், ஊர் துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் பெயர் கொடுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், மாமியாரின் அறுவைக்கு அதில் வழியுண்டா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். எருமையைத் தெரிந்தவரிடம் வாரத்துக்கு, அதாவது பலனில் பங்கு பேசி, விட்டுவிடலாம். பார்க்க வரும் நாத்தனார்களிடம் ஆளுக்கு ஒரு வாரம் வந்து தங்கும்படி வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல் யாருக்கும் தோன்றாது.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. அறுவை செய்யவில்லை, வயதைச் சொல்லி எலும்பு வைத்தியரிடம் கட்டுப் போட்டோம். அடுத்த மறுபரிசோதனைக்குக் கணவருடன் போகும்போது மாமியாரின் எக்ஸ்ரேயையும் எடுத்துச் செல்கிறேன். எருமைக்கும் சித்தப்பாவிடம் பேசியாகிவிட்டது. செவிலியர் அம்மா, நீங்கள் சொன்ன, விரிப்பைப் பிடித்து இருவராகப் புரட்டும் முறையைக் கொஞ்சம் விளக்கி எழுத முடியுமா? இன்று மாலை சின்ன நாத்தனார் வருகிறார்.